ஆப்பில் ஜீரோ காட்டினால்: வீட்டுச் சோலார் பழுதை நீங்களே கண்டுபிடிக்க

திருவொற்றியூர், எர்ணாவூர், தண்டையார்பேட்டை, கொளத்தூர் பக்கமெல்லாம் மொட்டை மாடியில் சோலார் பேனல் இப்போது புதுக் காட்சி இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று ஆன பிறகு, வங்கிக் கடன் போட்டாவது மாட்டிவிடலாம் என்று பலர் இறங்கிவிட்டார்கள். மாட்டிக் கொடுப்பவர்கள் போனில் ஒரு ஆப்பை ஏற்றி, "எல்லாம் இதுலயே தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சில மாதம் கழித்து ஒரு நாள் அந்த ஆப்பில் ஜீரோ. போன் பண்ணினால் "நாளைக்கு ஆள் வரும்" என்று பதில் வரும். அந்த நாளை எப்போது என்பது வேறு விஷயம்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். தெருவில் யார் வீட்டில் சோலார் தகராறு என்றாலும் ஆப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. பார்த்த வரையில், பேனலே பழுதாவது அபூர்வம். வைஃபை போயிருக்கும். ஈபி வோல்டேஜ் எகிறியிருக்கும். இல்லையென்றால் எக்செல் ஷீட் தப்பாகக் கூட்டியிருக்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசை ஒன்றுதான்: மின்சாரம் உண்மையில் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள், மின்சாரத்தைப் பற்றிய தகவலை அப்புறம் பாருங்கள். பெரும்பாலோர் தலைகீழாகப் போய்த்தான் அலைகிறார்கள்.

இது பேட்டரி இல்லாத, ஈபி லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலாருக்கான வழிகாட்டி. நம் பக்கம் வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான்.

முதலில் மூன்று எண்களை எழுதுங்கள்

நல்ல வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவே, ஒரு தாளோடு உட்காருங்கள்.

1. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியின் திரையைப் பாருங்கள். அந்த நொடி எத்தனை வாட் வருகிறது, இன்று எத்தனை யூனிட், மாட்டிய நாள் முதல் மொத்தம் எத்தனை யூனிட் என்று மாறி மாறிக் காட்டும். இன்றைய கணக்கு 'இ-டுடே' என்றும் மொத்தக் கணக்கு 'இ-டோட்டல்' என்றும் பல பெட்டிகளில் இருக்கும். மொத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஈபி நெட் மீட்டருக்குப் போங்கள். திரை தானாகவே மாறிக்கொண்டிருக்கும். பல மீட்டர்களில் 1.8.0 என்று வரும்போது தெரிவது நீங்கள் ஈபியிடமிருந்து எடுத்தது, 2.8.0 என்று வரும்போது தெரிவது நீங்கள் ஈபிக்குக் கொடுத்தது. இரண்டையும் எழுதுங்கள்.

3. ஆப்பில் தெரியும் எண்ணைக் கடைசியாக எழுதுங்கள்.

இன்வெர்ட்டரில் வாட் ஓடுகிறது, ஆப்பில் மட்டும் ஜீரோ என்றால் உங்கள் சோலாருக்கு ஒன்றுமில்லை. பதற்றப்படாமல் ஆப்பைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம். இன்வெர்ட்டரிலேயே ஜீரோ, அல்லது சிவப்பு விளக்கு, அல்லது விளக்கே இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இன்வெர்ட்டர் நின்றிருந்தால்

முதல் கேள்வி: வீட்டில் கரண்ட் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேனும் லைட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் போனது தெரியாது. ஈபி லைனில் மின்சாரம் இல்லாவிட்டால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். "வெயில் கொளுத்துது, கரண்ட் கட்டுன்னா சோலாரும் போயிடுது, எதுக்கு இத வாங்கினோம்" என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் கிடையாது. கரண்ட் போனாலும் சோலார் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு விலை வேறு.

கரண்ட் திரும்பிய உடனே சோலார் கிளம்பாது. வோல்டேஜும் அதிர்வெண்ணும் குறைந்தது 60 நொடி நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இணைய வேண்டும் என்பது விதி. சில பெட்டிகள் ஐந்து நிமிடம் கூட எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடாமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் கரண்ட் இருந்தும் நின்றிருக்கிறது என்றால், ஏசி பக்கத்துப் பெட்டியில், அதாவது இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் பக்கத்தில், எம்சிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிவிடலாம். உடனே மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மதியம் மட்டும் விழுகிறது, மாலையில் போட்டால் நிற்கிறது என்றால் சூடு காரணமாக இருக்கலாம். 3 கிலோவாட் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 13 ஆம்பியர் விடாமல் போகும். மாடியில் வெயில் படும் பெட்டிக்குள் 16 ஆம்பியர் எம்சிபி அதைத் தாங்காமல் விழுவது உண்டு. பெட்டிக்கு நிழல் கொடுப்பதா, எம்சிபியை மாற்றுவதா என்பதை ஒயரின் கனத்தைப் பார்த்து எலக்ட்ரீஷியன்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே பெட்டியில் எஸ்பிடி என்று ஒரு சின்னச் சாதனம் இருக்கும். இடி மின்னலின்போது வரும் அதிர்ச்சியை அது தன் மேல் வாங்கிக்கொள்ளும். அதன் சிறு ஜன்னல் பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பாகிவிட்டால் அது தன் வேலையை முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் சோலார் ஓடும். ஆனால் அடுத்த இடியில் போவது இன்வெர்ட்டர்.

டிசி பக்கத்தை, அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் பக்கத்தை, திறக்கவே வேண்டாம். 540 வாட் பேனல் ஆறை வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட்டை ஒட்டி வரும். ஈபியை அணைத்தாலும், இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெயில் இருக்கும் வரை அந்த ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பேனல்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை ஓட்டத்தில் இழுத்துப் பிரித்தால் தீப்பொறி நீளமாக எழும், கை வெந்துவிடும். அவசரத்துக்கு நிறுத்துவதானால் முதலில் ஏசி எம்சிபி, அடுத்து இன்வெர்ட்டருக்குக் கீழே உள்ள டிசி ஐசோலேட்டர் என்ற ஸ்விட்ச். இந்த வரிசையைப் பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் உதவும்.

வோல்டேஜ் எகிறும் வீடுகள்

"காலைல ஓடுது, பதினோரு மணிக்கு மேல நின்னு நின்னு ஓடுது, சாயங்காலம் மறுபடி நல்லா ஓடுது." இப்படி யாராவது சொன்னால் மேலே கேட்க வேண்டியதே இல்லை, இது வோல்டேஜ்தான். திரையில் ஓவர் வோல்டேஜ் என்றோ அதற்கான குறியீட்டு எண்ணோ வரும்.

காரணம் எளிது. குழாயில் தண்ணீரைத் திருப்பித் தள்ள வேண்டுமானால் உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடக் கூடுதலாக அழுத்த வேண்டும் இல்லையா, அதேபோல ஈபி லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ள இன்வெர்ட்டர் லைனின் வோல்டேஜை விடச் சற்று மேலே போயாக வேண்டும். லைன் ஏற்கனவே மேலே நின்றுகொண்டிருந்தால் எல்லையைத் தாண்டிவிடும். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு. வோல்டேஜ் 80 சதவீதத்துக்குக் கீழோ 110 சதவீதத்துக்கு மேலோ போனால் சோலார் 2 நொடிக்குள் விலகிவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையம் 2013-இல் கொண்டுவந்த விதி. அதாவது மேல் எல்லை 253 வோல்ட். ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறைகள் மூடியிருக்கும் நாளில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் 245-ஐத் தாண்டி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே மிச்சம் இருக்கும் இடைவெளி ஏழெட்டு வோல்ட்தான்.

இந்த இடைவெளியை யார் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மல்டிமீட்டரைத் தொடவே வேண்டாம், இன்வெர்ட்டர் திரையில் காட்டும் ஏசி வோல்டேஜ் போதும்.

1. உச்சி வெயிலில், சோலார் முழு வேகத்தில் ஓடும்போது திரையில் உள்ள ஏசி வோல்டேஜைக் குறியுங்கள். 252 என்று வைத்துக்கொள்வோம்.

2. டிசி ஐசோலேட்டரை மட்டும் அணைத்து உற்பத்தியை நிறுத்துங்கள். பெட்டியின் திரை உயிரோடு இருந்தால் அதே இடத்தில் வோல்டேஜைப் பாருங்கள். திரை அணைந்துவிட்டால், எலக்ட்ரீஷியன் வந்திருக்கும் நாளில் அவரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

3. 252 என்பது 245 ஆக இறங்கினால், அந்த 7 வோல்ட் பெரும்பாலும் உங்கள் ஒயரிலேயே ஏறியிருக்கிறது. 250 ஆக நின்றால், பிரச்சினை ஈபி லைனில்.

மூன்று மாடி வீட்டில் மேலே இன்வெர்ட்டர், கீழே மீட்டர் என்றால் சுற்றி வளைத்து 30 மீட்டர் ஒயர் போயிருக்கும். அது 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயராக இருந்தால், 13 ஆம்பியரில் கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் இரண்டரை வோல்ட்கூட ஏறாது. ஒயரில் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காகத் தினமும் மதியம் சோலாரை நிறுத்திவைக்கிறோம் என்பதை மாட்டியவரிடம் அழுத்திச் சொல்லலாம். தவறு அவர்கள் பக்கம்தான், மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பிரச்சினை ஈபி லைனில் என்றால், மின்னகம் எண் 94987 94987-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். நாள், நேரம், வோல்டேஜ் மூன்றும் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்து, உங்கள் செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் நேரில் காட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை அமைக்கும் டேப்பை ஒரு படி இறக்கினால் வோல்டேஜ் இறங்கும், அது அவர்கள் செய்யக்கூடிய வேலை. "சோலார் சரியா ஓடல" என்று போனால் மாட்டினவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். "மதியம் லைன் வோல்டேஜ் 250-க்கு மேல வருது" என்று போனால் அது அவர்கள் வேலையாகிவிடும். இன்வெர்ட்டரின் எல்லையை உள்ளே போய் 270-க்கு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது தம்பி ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது விதிக்கும் விரோதம், அந்த வோல்டேஜில் முதலில் போவது உங்கள் ஃபிரிட்ஜ்.

மழைக்கு மறுநாள் காலை வரும் சிவப்பு விளக்கு

தினமும் காலையில் லைனோடு இணைவதற்கு முன், பேனல் ஒயர்களிலிருந்து எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று இன்வெர்ட்டர் சோதித்துப் பார்க்கும். கசிந்தால் இன்சுலேஷன் ஃபால்ட், சில பெட்டிகளில் ஐசோ ஃபால்ட். மழை பெய்த மறுநாள் காலை வந்து, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகப் போய்விடும். போய்விட்டதே என்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. ஈரம் காய்ந்ததால் போயிருக்கிறது, கசிவு அங்கேயேதான் இருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் தரையில் கிடக்கும் எம்சி4 கனெக்டர். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடந்தால், கடல் காற்றின் உப்பும் சேர்ந்து உள்ளே அரித்துவிடும். எலி கடித்த ஒயரும் உண்டு. பேனலுக்கு அடியில் எட்டிப் பார்த்துத் தொங்குவது எது, கிடப்பது எது என்று படம் எடுங்கள், தொடாதீர்கள். எல்லாவற்றையும் பேனல் சட்டத்தோடு தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஒயரைக் கட்ட வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை வேண்டும், சாதா வெள்ளை டை ஒரு கோடையைத் தாண்டினாலே உதிர்ந்து விழும்.

இதோடு சேர்த்து இரும்புச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் ஜிஐ பைப்பை அறுத்த முனைகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும்தான் துரு முதலில் பிடிக்கும். துத்தநாகப் பூச்சு அங்கேதான் போயிருக்கும். தேய்த்துவிட்டு ஜிங்க் பெயின்ட் அடித்தால் போதும். போல்ட் நட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்றும் கேட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் போலத் தண்ணீர் ஏறும் தெருக்களில் இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டவே விடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்ற கோடு பல சுவர்களில் இன்னும் இருக்கும். அதற்கு மேலே, கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டால் காய்ந்த பிறகும் நீங்களாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். தண்ணீரில் நின்றுகொண்டு ஐசோலேட்டரை அணைக்கப் போவது அதைவிட ஆபத்து.

ஓடுகிறது, ஆனால் குறைவாக

குறைவு என்றால் எதை விடக் குறைவு? சென்னையில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது ஆண்டு முழுவதுக்குமான தோராயக் கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 12. பிப்ரவரி, மார்ச்சில் இதைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 3 யூனிட் வரும் நாளும் உண்டு. போகி அன்று காலை சென்னை முழுக்கப் புகை மூட்டம், அன்றைய எண்ணைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மே மாதம் வெயில் மண்டையைப் பிளக்கும்போது உற்பத்தி மார்ச்சை விடக் குறைகிறதே என்று கேட்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் இல்லை. பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரிக்கான கணக்கு. மே மதியத்தில் பேனல் 65 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போனால் 14 சதவீதம் அங்கேயே காலி. 3 கிலோவாட் பேனல் உச்சி வெயிலில் 2,400, 2,500 வாட் காட்டினால் அது ஆரோக்கியம்.

அடுத்து தூசி. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரித் தூள், மணலித் தொழிற்சாலைப் புகை, எல்லாம் சேர்ந்து இரவுப் பனியில் நனைந்து கண்ணாடியில் பூச்சாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மழைக்கு அது போகாது. காசிமேடு பக்கம் காக்கைகள் மீன் துண்டைக் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடுவதற்குப் பேனலைத்தான் மேஜையாக வைத்திருக்கின்றன. எண்ணூர், மணலியில் வாரம் ஒரு முறையும், பெரம்பூர், கொளத்தூரில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையும் கழுவுவது நல்லது.

காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும், அதைப் போக்குவது தூசியை விடக் கஷ்டம். மெட்ரோ வாட்டர் ஒரு வாளி, நீளக் கைப்பிடி வைத்த மென்மையான துடைப்பான், அவ்வளவுதான். சோப்புத் தூளும் தேங்காய் நாரும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்காதீர்கள். வெளியே விரிசல் தெரியாது, உள்ளே செல்லில் விழும்.

நிழல் கொஞ்சம் தந்திரமானது. ஜூன் மாதம் உச்சியில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். எனவே பேனலுக்குத் தெற்கே நிற்கும் தண்ணீர்த் தொட்டி கோடையில் ஒன்றும் செய்யாது, கார்த்திகை, மார்கழியில் பேனல் மேல் நிழலை நீட்டும். மாட்டியவர் மே மாதம் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்ல சார்" என்று சொல்லியிருப்பார், பொய் சொல்லியிருக்க மாட்டார். ஒரே வரிசையில் கோத்த பேனல்களில் ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு வேலையை நிறுத்திவிடும். டிஷ் ஆன்டெனா, துணிக் கொடி, அறுந்து வந்து சிக்கிய காத்தாடி எல்லாவற்றையும் பாருங்கள். டிசம்பரில் ஒரு நாள் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மூன்று படம் எடுத்து வைத்துக்கொண்டால் வாதமே வராது.

ஆப் மட்டும் செத்திருந்தால்

இன்வெர்ட்டருக்கு அடியில் செருகியிருக்கும் குச்சி போன்ற லாகர்தான் தகவலை வைஃபை வழியாக அனுப்புகிறது. அது அறுந்தால் ஆப்பில் ஜீரோ. வழக்கமான காரணம், வீட்டில் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியிருப்பீர்கள் அல்லது பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். இதற்குச் சுலபமான வழி: புது ரூட்டருக்குப் பழைய ரூட்டரின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்துவிடுங்கள். லாகர் தானாக ஒட்டிக்கொள்ளும், டிவியும் பிள்ளைகளின் போனும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அது முடியாவிட்டால் லாகரைப் புதிதாக இணைக்க வேண்டும். பெரும்பாலான லாகர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் செட்டிங்ஸில் போய்ப் பிரித்துவிடுங்கள். இணைக்கும்போது போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, லொகேஷனைப் போடுங்கள். லாகரின் சொந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது என்பதால், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் போன் அதை உதறிவிட்டு டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் இணைந்துவிட்டதாக நினைத்து அரைமணி நேரம் போராடுவீர்கள்.

ஆப்பில் வரைபடம் வருகிறது, ஆனால் உச்சி மதியம் இரண்டரைக்கு மேல் காட்டுகிறதா? நேர மண்டலம் சீனாவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 5.30 என்று இந்தியாவுக்கு மாற்றுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். மாட்டியவர் தன் மெயிலில் கணக்கைத் திறந்து உங்களை விருந்தாளியாகச் சேர்த்திருப்பார். அவர் கடையை மூடிவிட்டால் உங்கள் தரவும் போய்விடும். உரிமையாளராக உங்களை மாற்றித் தரச் சொல்லுங்கள், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பு.

பில்லும் ஆப்பும் ஒத்துப்போகவில்லை என்றால்

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். "ஆப்புல 800 யூனிட் காட்டுது, ஈபி பில்லுல ஏற்றுமதி 410-தான் போட்டிருக்கான், மீதி எங்க?" மீதியை உங்கள் வீடே செலவழித்துவிட்டது. பகலில் ஓடிய ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எல்லாம் சோலாரிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். அந்த மின்சாரம் மீட்டருக்கே வராது. சூத்திரம் இதுதான்: வீட்டின் மொத்தச் செலவு என்பது உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து இறக்குமதியைக் கூட்டினால் வருவது.

இதற்கு ஒரு ஷீட் போடுங்கள். கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ, எதுவானாலும் சரி. ஏ பத்தியில் தேதி, பி-யில் இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி, சி-யில் மீட்டரின் இறக்குமதி, டி-யில் ஏற்றுமதி. தினசரி யூனிட்டை எழுத வேண்டாம், மாட்டிய நாள் முதலான மொத்த ரீடிங்கை எழுதுங்கள். தினசரி எண் எழுதினால் ஊருக்குப் போன நான்கு நாள் ஓட்டையாகிவிடும். மொத்த ரீடிங் எழுதினால் எப்போது எழுதினாலும் முந்தைய வரிசையைக் கழித்தால் போதும், எதுவும் தொலையாது. வாரம் ஒரு முறை எழுதுங்கள், ஈபி ரீடிங் எடுக்கும் நாளில் தவறாமல் எழுதுங்கள்.

இ பத்தியில் பி3 கழித்தல் பி2. எஃப்-இல் சி3 கழித்தல் சி2. ஜி-யில் டி3 கழித்தல் டி2. ஹெச்-இல் இ3 கழித்தல் ஜி3 கூட்டல் எஃப்3. உதாரணமாக பிப்ரவரி 10 முதல் ஏப்ரல் 11 வரை 60 நாளில் உற்பத்தி 3,300-இலிருந்து 4,110, அதாவது 810. இறக்குமதி 450, ஏற்றுமதி 410. வீட்டுச் செலவு 850. பில் வருவது 450-க்கும் 410-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து. ஆப்பில் மாதக் கணக்கு 1-ஆம் தேதியில் தொடங்கும், ஈபி கணக்கு ரீடிங் எடுத்த நாளில் தொடங்கி இரண்டு மாதம் ஓடும். இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டால் ஒரு நாளும் ஒத்துவராது.

ஏற்றுமதி உற்பத்தியை விட அதிகம் என்று வந்தால் அது நடக்கவே முடியாத ஒன்று. சி-யும் டி-யும் இடம் மாறியிருக்கும், அல்லது ரீடிங் எடுத்த நாட்கள் வேறு வேறாக இருக்கும். திடீரென்று ஆயிரக்கணக்கில் மைனஸ் வந்தால் மீட்டரையோ இன்வெர்ட்டரையோ மாற்றியிருக்கிறார்கள், புதுசு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. பழசின் கடைசி ரீடிங்கை ஒரு வரிசையிலும், புதுசின் முதல் ரீடிங்கை அடுத்த வரிசையிலும் எழுதி, அந்த ஒரு வரிசைக்கு மட்டும் கழித்தலை நீக்கிவிடுங்கள். மாற்றும் நாளில் பழைய மீட்டரைப் படம் எடுக்காமல் கழற்ற விடாதீர்கள்.

ஆப்பிலிருந்து சிஎஸ்வி ஃபைலை இறக்கி ஷீட்டில் திறப்பவர்களுக்கு வேறு தொல்லைகள் உண்டு. முதலாவது, தேதி. நவம்பர் 5-ஐ 05/11 என்று நாம் எழுதினால், அமெரிக்க முறையில் அமைந்த ஷீட் அதை மே 11 என்று படிக்கும். 13-ஆம் தேதி முதல் அப்படிப் படிக்க முடியாததால் அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். மாறிப்போன தேதிகளை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள், எது மாறியது எது மாறவில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அசல் ஃபைலுக்குத் திரும்புங்கள். கூகுள் ஷீட்ஸில் கம்ப்யூட்டரில் திறந்து, ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ், அதில் லொகேலை இந்தியா என்று மாற்றிவிட்டு ஃபைலை மறுபடி ஷீட்டுக்குள் கொண்டுவாருங்கள். எக்செல்லில் ஃபைலை நேராக இருமுறை தட்டித் திறக்காமல், டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கொண்டுவாருங்கள். தமிழ் எழுத்துகள் கொக்கிகளாகத் தெரிந்தால் அதே திரையில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

இரண்டாவது, கூட்டினால் பூஜ்யம். எண்ணோடு யூனிட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அல்லது எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி ட்ரிம் ஃபங்ஷனுக்கும் போகாத வகை. கட்டத்துக்குள் போய் அந்த இடைவெளியை மட்டும் காப்பி செய்து, தேடி மாற்றும் பெட்டியில் ஒட்டி, மாற்றாக ஒன்றும் எழுதாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். புது ரீடிங் எழுதியும் விடை மாறவே இல்லை என்றால், எக்செல்லில் ஃபார்முலாஸ் மெனுவில் கால்குலேஷன் மேனுவல் என்று இருக்கும், ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். கட்டம் முழுக்க ஹாஷ் (#) குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்தி அகலம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆளைக் கூப்பிடும்போது

"சார், ஓடல" என்று மட்டும் சொன்னால் அவருக்கு நீங்கள் பத்தோடு பதினொன்று. இவற்றை ஒரே வாட்ஸ்ஆப் செய்தியில் அனுப்புங்கள்: இன்வெர்ட்டரின் சீரியல் எண் தெரியும் படம், திரையில் வரும் பிழைக் குறியீடு, அது வந்த நேரம், அப்போதைய ஏசி வோல்டேஜ், நெட் மீட்டரின் இரண்டு ரீடிங், எம்சிபி விழுந்திருக்கிறதா இல்லையா, மழையா வெயிலா. எந்த உதிரி பாகத்தை எடுத்துவர வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்துவிடும், ஒரு நடை மிச்சமாகும். அவர் வந்து பெட்டியைத் திறந்து எதை மாற்றினாலும், கழற்றிய பாகத்தையும் புதுப் பாகத்தின் எண்ணையும் படம் எடுத்து ஷீட்டில் அந்தத் தேதிக்கு எதிரே குறித்து வையுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது பில்லுக்கு அடுத்தபடி அவர்கள் கேட்பது அதைத்தான்.